சின்ன ஜாடியில் பூத்தது

கோந்த்வா, புனே
12 செப்டம்பர் 2024

அன்புள்ள வைஷுவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

முதலில் ஒரு திருத்தம். எனக்குக் கருப்புப் பூஞ்சை வரவில்லை. சர்க்கரை நோயும் இல்லை. ஜம்பு மாமா சொல்லி, உன் அண்ணன் ரமேஷ் உனக்கு அனுப்பிய செய்தியில் சரியாக இருந்தது நம் ஃபிளாட் எண் மட்டும்தான். பூஞ்சை வந்திருப்பது ஜாடிக்கு.

நான் நலம். நீ நலமா என்பது உன் பதிலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். ஒரு பாராவுக்கு ஒரு விஷயம்தான் எழுத வேண்டும் என்று எங்கள் கான்வென்டில் சிஸ்டர் ஆரோக்கியமேரி சொல்லிக்கொடுத்தார். இன்று அது முடியுமா தெரியவில்லை. விஷயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வரிசையாகவாவது எழுதுகிறேன்.

அப்பா காலமாவதற்கு இரண்டு மாதம் முன்னால் எனக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தேன், உனக்கு நினைவிருக்கும். அந்த டிசம்பரில் ராஸ்தா பேட் கடையில் நார்த்தங்காய் நன்றாக வந்திருந்தது. நான் நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல, அப்பாதான் சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்தார். பெரிய ஜாடி ஒன்று, சின்ன ஜாடி ஒன்று. பெரியதில் நான் சொன்ன அளவு. சின்னதில் அவர் கொட்டிய உப்பைப் பார்த்து, "ஊறுகாய் போடறேளா, உப்பளம் வைக்கறேளா?" என்று நான் போட்ட சத்தம் கீழ்வீட்டு மும்தாஜுக்கே கேட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது பாட்டுக்கு ஊறட்டும் ப்ரியம். ரெண்டு வருஷம் தொடாதே" என்றார். மூக்குக்கண்ணாடியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். பெரிய ஜாடி போன வருஷமே தீர்ந்துவிட்டது. சின்ன ஜாடியை நான் திறக்கவில்லை. காரணம் கேட்காதே.

இந்த ஆகஸ்டில் இங்கே மழை விடவே இல்லை. சுவரெல்லாம் ஓதம். அலமாரியைத் துடைக்கும்போது ஜாடியின் துணியை அவிழ்த்துப் பார்த்தேன். மேலே காபிப் பொடி தூவினது போலப் பழுப்புப் புள்ளிகள். நாற்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் என் வீட்டு ஜாடி பூத்ததில்லை. யாரோ ஈரக் கரண்டியை விட்டிருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். வீட்டில் என்னைத் தவிர வந்துபோகிறவள் பவுன் ஒருத்திதான். ஆகவே பவுனை விசாரித்தேன்.

விசாரித்த விதம் சரியில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அந்த பர்ணி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது மாமி. உங்க ஊறுகாய நான் எதுக்குத் தொடப்போறேன்? ஒருவாட்டி குடுத்தீங்க. என் புருஷன் ரெண்டு நாளு தண்ணியா குடிச்சான். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவன் தண்ணி குடிச்சு அப்பதான் பாத்தேன்" என்றாள். சொல்லிவிட்டுப் போனவள் நான்கு நாள் வரவில்லை.

ஜாடியைக் கொட்டிவிட மனம் வரவில்லை. இந்த விஷயம் முழுதாகத் தெரிந்த ஓர் ஆள் எனக்குப் பெண்ணாகப் பிறந்திருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனை எடுத்தேன். கடைசியாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது ஒரு கட்டைவிரல் படம். அதற்கு முந்தினதும் கட்டைவிரல். என் பிறந்தநாளுக்கு இரண்டு. போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் அப்பாவின் வருஷாப்திகத்தன்று நடந்ததை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அறுபது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "வைஷு வெளிநாட்டுல என்ன பண்றா?" என்று பெரியம்மா கேட்டாள். மருந்து கம்பெனிக்கு ஆராய்ச்சி என்று சொன்னேன். நீ எதிர்வரிசையிலிருந்து, "மருந்து இல்ல பெரியம்மா, பூஞ்சை. உப்புல வளர்ற பூஞ்சை. அம்மாவுக்கு அதைச் சொல்ல வெக்கம்" என்றாய். "எனக்கென்னடி வெக்கம்? அப்பா இருந்திருந்தா அவர்தான் வெக்கப்பட்டிருப்பார்" என்றேன். பாயசம் வருவதற்குள் நீ இலையை மூடிவிட்டு எழுந்தாய். மறுநாள் விமானம். அதற்குப் பிறகு கட்டைவிரல்தான்.

போன் செய்ய முடியாததால் உன் ஆராய்ச்சிப் புத்தகத்தை எடுத்தேன். எனக்கென்று நீ அனுப்பிய பிரதி, இரண்டு வருஷமாகக் கண்ணாடித்தாள் உறையோடு அப்படியே இருந்தது. இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

புரியாது என்றுதான் நினைத்திருந்தேன். புரிந்தது. பச்சடிக்கு நறுக்கின வெள்ளரிக்காயில் உப்புத் தூவினால் நீர் விட்டு வதங்கிவிடும். உயிரணுவும் கடும் உப்பில் அப்படித்தான் வதங்கிச் சாக வேண்டும். உன் பூஞ்சை சாவதில்லை. உள்ளே கிளிசரால் என்ற தித்திப்பான பொருளைத் தானே செய்து நிரப்பிக்கொண்டு, தண்ணீரை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. தப்பி உள்ளே நுழைந்த சோடியத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. உப்பு ஏற ஏறத் தன் சுவரைத் தடிமனாக்குகிறது. தனியாக நிற்பதும் இல்லை. அணுவோடு அணு ஒட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாக உட்கார்ந்துவிடுகிறது. உப்பைக் குறைத்தால்தான் அதற்குக் கஷ்டகாலம். நல்ல தண்ணீரில் வளரவே வளராது. இவ்வளவையும் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய்! 112ஆம் பக்கத்தில் மட்டும் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை மாற்றிப் போட்டிருக்கிறாய். இரண்டாம் பதிப்பு வந்தால் திருத்து.

ஓர் அடிக்குறிப்பில், அதன் அறிவியல் பெயருக்கு மீன் தின்னி என்று பொருள் என எழுதியிருந்தாய். முட்டைகூட நுழையாத சமையலறை இது. உடனே ஜாடியை எடுத்துக்கொண்டுபோய் ஹாலில், நீ பள்ளிக்கூடத்தில் வாங்கின கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன்.

என் ஜாடியில் இருப்பது உன் ஆள்தானா, வேறு ஏதாவதா என்று தெரிய வேண்டாமா? மூன்று தட்டில் மூன்று இட்லி வைத்தேன். ஒன்றில் உப்பே இல்லை. ஒன்றில் வழக்கமான உப்பு. மூன்றாவதை உப்பில் புதைத்தே வைத்தேன். ஜாடியிலிருந்து குண்டூசி முனையால் தொட்டு மூன்றிலும் வைத்து, தேதியும் அளவும் எழுதி ஒட்டினேன். உப்பில்லாத இட்லியிலும் வழக்கமான இட்லியிலும் மூன்றே நாளில் பச்சையாகவும் சாம்பலாகவும் ஏதோ கண்ட பூசணம். தூர எறிந்து புது இட்லி வைத்தேன், அதே கதை. உப்பில் புதைத்தது மட்டும் சும்மாவே இருந்தது. பதினாறாம் நாள் அதில் பழுப்பாக நான்கு புள்ளிகள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். கூப்பிட்டுக் காட்ட யாரும் இல்லாததுதான் குறை.

அன்றைக்குப் பார்த்து, கசிவைப் பார்க்க சொசைட்டி செயலாளர் ஜோக்ளேகர் வந்தார். கூடவே, அழைக்காமலே, நம் கட்டடத்து ஜம்பு மாமா. ஜோக்ளேகர் தட்டுகளைப் பார்த்து, "ஹே காய், மாமி?", இது என்ன என்று கேட்டார். நான் மராத்தியில் விளக்கினேன். "காளி புர்ஷி. ஹ்யாலா மீட் லாக்தம். மிடாஷிவாய் ஜகத் நாஹி." கருப்புப் பூஞ்சை, இதற்கு உப்பு வேண்டும், உப்பில்லாமல் பிழைக்காது என்று அர்த்தம். பழுப்புக்கு மராத்திச் சொல் வாயில் வரவில்லை, காளி என்றுவிட்டேன். அந்த ஒரு சொல் என் பிழை. மற்றதெல்லாம் ஜம்பு மாமாவின் பிழை. மராத்தியில் மீட் என்றால் உப்பு. இந்தியில் மீட்டா என்றால் இனிப்பு. முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த மனிதருக்கு இது தெரிய வேண்டாமா?

அவர் லிஃப்டில் இறங்கும்போதே ரமேஷைக் கூப்பிட்டுவிட்டார். "பதட்டப்படாதேப்பா. அம்மாவுக்கு ஷுகர் ஏறி, கருப்புப் பூஞ்சை புடிச்சுடுத்து. ஸ்வீட் இல்லாம உசிரோட இருக்க முடியாதுன்னு ஜோக்ளேகர் கிட்ட அழறா. என் காதால கேட்டேன்" என்றாராம். நான் அழவில்லை. அப்படியே அழுதாலும் ஜோக்ளேகரிடம் அழ மாட்டேன்.

அடுத்து அவருடைய தமிழ் அன்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சர்க்கரைக்காரர்களுக்குத்தான் அது மூக்கில் பிடித்துக் கண்ணுக்கு ஏறும் என்று கொரோனா சமயத்தில் எல்லோரும் படித்துவைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். போசரியில் இருக்கும் நீலா செய்தியை முழுதாகப் படிக்காமல், "ஆழ்ந்த இறங்கல்" என்று போட்டுவிட்டாள். வல்லின றகரம் போட்டு. நான் உண்மையாகவே போயிருந்தாலும் அதைத் திருத்துவதற்காக எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

ரமேஷ் தளேகாவிலிருந்து ஒன்றே கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். இரண்டு மாஸ்க் ஒன்றன்மேல் ஒன்று. விரலைக் குத்தி ரத்தம் எடுத்தான். தொண்ணூற்றாறு. மெஷினைத் தட்டிவிட்டு இன்னொரு விரலைக் குத்தினான். தொண்ணூற்றேழு. பிறகு என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றான். ஏமாற்றமாகச் சொன்னது போல எனக்குப் பட்டது. அதற்குள் அவன் உனக்கு அனுப்பியாகிவிட்டது.

நீ கூப்பிட்டாய். ஏழு மாதத்தில் முதல் தடவை. "அம்மா, என்னாச்சும்மா? நான் டிக்கெட் பாத்துண்டிருக்கேன்" என்று சொல்லும்போது உன் குரல் ஒரு நிலையில் இல்லை. உடனே வா என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது என்ன? "எனக்கு ஒண்ணுமில்லை. ஜாடிதான் பூத்துடுத்து." அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. "ஒண்ணுமில்லையா? சரி, வெச்சுடறேன்" என்றாய். முப்பத்தெட்டு விநாடி என்று போன் காட்டியது. கொஞ்சம் சர்க்கரையாவது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஆரோக்கியமாக இருப்பதற்காக நான் வருத்தப்பட்டது என் ஆயுளில் அன்றைக்குத்தான்.

ரமேஷ் போன பிறகு மும்தாஜ் படியேறி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அது எங்க வூட்டு உப்பு மாமி. என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு" என்று ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்குப் புரியவைக்கவே பத்து நிமிஷம் ஆனது. அப்புறம் சொன்னாள். "சார் ஒருநா வந்து, கருவாட்டு டப்பா அடியில கெடக்குற உப்பு ஒரு ஸ்பூன் குடும்மான்னாரு. உங்களுக்கு எதுக்கு சார் கருவாட்டு உப்புன்னு கேட்டேன். எங்க வைஷு படிக்கிற சமாச்சாரம் இதுலதான் இருக்குமாம், வளருதான்னு பாக்கணும்னாரு. மாமி காதுல போட்டுடாதே, என்னைய வூட்ட விட்டுத் தொரத்திடுவான்னாரு. நான் இன்னிக்கு வரைக்கும் மூச்சு விடல."

கருவாட்டு உப்பு. என் ஜாடியில். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மும்தாஜ் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தேன். ஆம்பூரிலிருந்து வந்து முப்பது வருஷமாக என் கீழ்வீட்டில் இருக்கிறவள், என் புருஷனோடு சேர்ந்து இவ்வளவு பெரிய கள்ளத்தனத்தைச் செய்துவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. வெகுநேரம் சிரித்தோம். ஜோக்ளேகர் வந்து கதவைத் தட்டினார்.

மறுநாள் காலையில் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். கட்கி தொழிற்சாலைச் சட்டைகளுக்கு அடியில், நீ அவருக்கு அனுப்பிய பிரதி இருந்தது. பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் உருப்படிகளைப் பரிசோதித்து, ஒப்புக்கொள்வதா தள்ளுவதா என்று குறி போட்ட கை. உன் புத்தகத்திலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி போட்டிருக்கிறார். இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம், இருநூற்றுப் பதினெட்டுச் சரி. 112ஆம் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். உன் விஷயம் என்றால் அவருடைய பரிசோதனை இப்படித்தான்.

41ஆம் பக்க ஓரத்தில் தமிழில் எழுதியிருக்கிறார்: "பத்து சதவீதம் உப்பாவது வேண்டுமாம். நார்த்தங்காயில் வருமா? சின்ன ஜாடி, 11-12-22. ப்ரியத்திடம் சொல்ல வேண்டாம்."

கிளிசரால் வருகிற பக்கத்தில்: "வெளியே உப்பு, உள்ளே தித்திப்பு. நம் வீட்டிலும் ஒன்று உண்டு." யாரைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசிப் பக்கத்தில், தொழிற்சாலையில் போடுவது போலவே, "பாஸ்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே, "எங்கள் வைஷு செய்தது."

ஆகவே இரண்டாவது திருத்தம். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அப்பா வெட்கப்பட்டிருப்பார் என்று அறுபது பேர் முன்னால் நான் சொன்னது பொய். அவர் வெட்கப்படவில்லை, எனக்குத் தெரியாமல் என் சமையலறையிலேயே உன் பூஞ்சையைப் பயிர் செய்துகொண்டிருந்தார். வெட்கப்பட்டது நான். எதற்கு என்று யோசித்துப் பார்த்தால், பூசணம் என்ற ஒரு சொல்லுக்கு. அதைப் பெரியம்மா முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை. என் வெட்கத்தை, பதில் சொல்ல இல்லாத மனிதர் தலையில் கட்டிவிட்டேன்.

பவுன் வீட்டுக்குப் போய், நீ கரண்டி விடவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அட, உக்காருங்க மாமி" என்று டீ போட்டுக் கொடுத்தாள். இப்போது வேலைக்கு வருகிறாள். உன்னிடம் அதையே சொல்ல எனக்கு ஏழு மாதமும் ஆறு பக்கமும் ஆகியிருக்கிறது. தப்பு என்னுடையது, வைஷு. என்னை மன்னித்துக்கொள்.

வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிவிட்டேன். "என் மகள் டாக்டர் வைஷ்ணவி வாசுதேவன் கடும் உப்பில் வாழும் பூஞ்சைகளை ஆராய்கிறாள். மருந்து கம்பெனி என்று முன்பு நான் சொன்னது தவறு" என்று, பிழையில்லாமல். அன்று சாப்பிட்ட அறுபது பேரில் நாற்பத்தொன்பது பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். மற்ற பதினொரு பேருக்கும் அஞ்சலட்டை போட்டாயிற்று. பெரியம்மாவுக்கு நானே போனில் சொன்னேன். "பூஞ்சையா? கால் நகத்துல வருமே, அதுக்கு மருந்து தருவாளா?" என்று கேட்டாள். தர மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். இனி அவள் உன்னை அது விஷயமாகத் தொந்தரவு செய்தால் நான் பொறுப்பில்லை.

ஜாடியைத் தூக்கிப்போடச் சொல்லி ரமேஷ் ஞாயிற்றுக்கிழமைதோறும் நச்சரிக்கிறான். யாரும் வாயில் வைக்கப்போவதில்லை, இறுகக் கட்டித்தான் வைத்திருக்கிறேன். அது உன் ஆளா, ஒன்றுவிட்ட உறவா, கண்ணால் பார்க்காமல் உன்னாலும் சொல்ல முடியாது என்று 9ஆம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய்.

இங்கே மழை குறைந்துவிட்டது. உன் அறையில் கசிவு இல்லை; கட்டிலை வெயிலில் போட்டு எடுத்தேன். நீ அங்கே குளிரில் கையுறை இல்லாமல் உப்பளத்தில் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியமெல்லாம் நன்றாக நடக்க வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் பதில் எழுது. கோபமாக எழுதினாலும் சரி, இரண்டே வரியானாலும் சரி. தமிழில் எழுத வரவில்லை என்றால் இங்கிலீஷில் எழுது, பிழை பார்க்க மாட்டேன். காகிதத்தில், உன் கையால் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா
(ப்ரியம்வதா வாசுதேவன்)